கோலாலம்பூரும் ஒரு தீவும்: மலேசிய விடுமுறைக்குத் திட்டம் போடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரிய நகரம் ஒன்றையும் கடல் நடுவே ஒரு தீவையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மலேசியா மிகவும் தோதான நாடு. சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடலாம்; திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. திட்டம் போட உட்கார்ந்தால் பலரும் முதலில் ஹோட்டல் படங்களைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஏன் என்பது முதல் பதிலிலேயே புரிந்துவிடும்.

லங்காவி, பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எந்தத் தீவுக்குப் போகலாம்?

எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், தீவைச் சொல்லிவிடலாம்.

தீபகற்ப மலேசியாவுக்கு இரண்டு கரைகள். மேற்குக் கரைப் பக்கம் லங்காவி, பினாங்கு, பங்கோர். கிழக்கே தென்சீனக் கடலில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கிறது. கடல் கொந்தளிக்கும், படகுகள் ஓடாது, பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதே நேரத்தில் மேற்குப் பக்கம் இருக்கும் லங்காவிக்கு, தீபகற்பத்தின் நடுவிலுள்ள மலைத்தொடர் காப்பாக நிற்கிறது. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல வெயில், அமைதியான கடல்.

இதை நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள். அரையாண்டு விடுமுறைக்கோ பொங்கலுக்கோ போவதாக இருந்தால் லங்காவி. ஏப்ரல், மே மாதக் கோடை விடுமுறை என்றால் பெர்ஹெந்தியான் அல்லது ரெடாங். அப்போது அங்கே தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். கோடையில் லங்காவிக்குப் போகவே கூடாதா என்றால், போகலாம், சாயங்காலம் இடியோடு மழை வரும் என்ற தயாரிப்போடு போக வேண்டும். லங்காவியில் மழை உச்சத்தில் இருப்பது செப்டம்பர், அக்டோபர். ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை மேற்குக் கரையையும் கோலாலம்பூரையும் மூடிவிடும். அந்த மாதங்களில் போகிறவர்கள் கிளம்பும் முன் காற்றின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் பெர்ஹெந்தியான் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் மயங்கிவிடாதீர்கள். அறை கிடைத்தாலும் போய்ச் சேரப் படகு கிடைக்காது.

ஒரே பயணத்தில் இரண்டு தீவுகள் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். ஒவ்வொரு இடமாற்றமும் பெட்டி கட்டுவது, படகு, வேன், விமானம் என்று ஒரு பகல் முழுவதையும் விழுங்கிவிடும்.

எத்தனை நாள் வேண்டும்?

ஏழு இரவு இருந்தால் நிம்மதி: தீவில் நான்கு, நகரத்தில் மூன்று. ஐந்து இரவுதான் என்றால் லங்காவியில் மூன்று, கோலாலம்பூரில் இரண்டு. பெர்ஹெந்தியானுக்குப் போகவே அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அங்கே மூன்று இரவுக்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள். நாள் கணக்கைவிட இரவுக் கணக்கு போட்டுப் பழகுங்கள். "ஐந்து பகல், நான்கு இரவு" என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜில் முதல் பகலும் கடைசிப் பகலும் விமான நிலையத்திலேயே கழிந்துவிடும்.

முதலில் நகரமா, தீவா?

முதலில் தீவு, பிறகு நகரம். இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன்.

முக்கியக் காரணம் படகு. வானிலை கெட்டால் படகு நிற்கும். ஒரு நாள் தாமதமானால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தீவிலிருந்து நேராக ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிப்பதாக வைத்திருந்தால் அந்த ஒரு நாளில் டிக்கெட்டே போய்விடும். நடுவில் நகரத்தில் இரண்டு மூன்று இரவு இருந்தால், அதில் ஒன்றை விட்டுக்கொடுத்துச் சமாளிக்கலாம். அடுத்தது பெட்டி: கடைகளில் வாங்குவதையெல்லாம் கடைசியில் வாங்கினால் அந்த மூட்டையைப் படகில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோதான் அனுமதி என்பதையும் சேர்த்து யோசித்தால் இந்த வரிசையின் அருமை தெரியும்.

பெர்ஹெந்தியான் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் திருத்தம். படகுகள் பகலில்தான் ஓடும் என்பதால், போகும் வழியில் விமானம் இறங்கும் ஊரான கோத்தா பாருவுக்குக் காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும். கோலாலம்பூரில் நீங்கள் இறங்கும் நேரம் அதற்குச் சரிவராவிட்டால் முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கழித்துவிடுங்கள்.

விசா எடுக்க வேண்டுமா?

சுற்றுலாவாகப் போகும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய பயணம் என்றால் டிக்கெட் போடும் முன் ஒரு முறை சரிபாருங்கள்.

விசா வேண்டாம் என்பதற்காக வெறுங்கையோடு போக முடியாது. டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. தேடும்போது முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கே பணம் கேட்கும்; அங்கே கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

கோலாலம்பூரில் இறங்கி அன்றே தீவுக்கு விமானம் மாறலாமா?

மாறலாம். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் கவலையே இல்லை. தனித்தனியாக வாங்கியிருந்தால் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். அப்புறம், கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு இரண்டு முனையங்கள். ஏர்ஏஷியா இரண்டாம் முனையத்தில். மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும். லங்காவிக்குச் சில விமானங்கள் சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பும்; அது வேறு இடம், நகரத்துக்கு மேற்கே. மலிவாக இருக்கிறதே என்று இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிடாதீர்கள்.

லங்காவியில் எங்கே தங்குவது, என்ன பார்ப்பது?

கெடா மாநிலத்தைச் சேர்ந்த 99 தீவுகளின் கூட்டம்தான் லங்காவி. நாம் தங்குவது அதில் பெரிய தீவில். முதல் முறை போகிறவர்களுக்கு செனாங் கடற்கரை வசதி: நீண்ட மணல், நடந்து போகும் தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள், இந்திய உணவகங்களும் உண்டு. சத்தம் வேண்டாம் என்றால் அதை அடுத்த தெங்கா கடற்கரை. தாத்தாய், தஞ்சோங் ரூ பக்கம் அமைதியும் அழகும் அதிகம், வாடகையும் அதிகம்.

தீவில் ஊர்ப் பேருந்தை நம்பி இருக்க முடியாது. கிராப் செயலியில் கார் கூப்பிடலாம், அல்லது கார் வாடகைக்கு எடுக்கலாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, சாலைகள் நன்றாக இருக்கும். ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் வண்டி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று வந்தால் காப்பீடு கைகொடுக்காது.

ஒரு நாளை மாச்சின்சாங் மலைக்கு ஒதுக்குங்கள். கேபிள் காரில் ஏறி உச்சிக்குப் போனால் அங்கிருந்து 125 மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் வளைந்து நிற்கும் நடைபாலம். அதைத் தாங்குவது ஒரே ஒரு தூண். அந்த மலையின் மணற்கல் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இந்தப் பாறைகளுக்காகவும் சேர்த்துத்தான் 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக அறிவித்தது. காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிரில் இருக்கும் ஆள் கூடத் தெரியாது, காற்று பலமாக இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு காலையை கிலிம் அலையாத்திக் காட்டுக்குக் கொடுங்கள். பிச்சாவரம் போனவர்களுக்கு அந்த வேர்களும் வாய்க்கால்களும் பழக்கமானவைதான். இங்கே கூடுதலாக, தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள். மேலே செம்பருந்துகள், அதாவது நம்மூர்க் கருடன், வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். சில படகுக்காரர்கள் கோழித் தோலைத் தண்ணீரில் வீசி அவற்றைக் கீழே வரவழைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பறவை வேட்டையை மறந்து படகுக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. பதிவு செய்யும்போதே "தீனி போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்கும் படகுகள் இருக்கின்றன.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். லங்காவியின் கரையோரத் தண்ணீர் பச்சையாகக் கலங்கலாகத்தான் இருக்கும். மூழ்கிப் பவளம் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் அங்கிருந்து பயார் தீவுக்கு ஒரு நாள் போய்வரலாம். மீன் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கமே என்றால், மாதத்தை மாற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவதுதான் சரி.

பெர்ஹெந்தியானுக்கு எப்படிப் போவது?

கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேர விமானம். அங்கிருந்து கோலா பெசுட் படகுத்துறைக்கு டாக்சியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு விரைவுப் படகில் முப்பது நாற்பது நிமிடம். இரவுப் பேருந்தும் உண்டு, சுமார் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும்.

கடல்சார் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 30 ரிங்கிட் (மலேசியப் பணம்), படகுத்துறையிலேயே கட்டிவிடலாம். படகில் முன் வரிசையைப் பிடிக்க எல்லோரும் முந்துவார்கள்; நீங்கள் பின்னால் உட்காருங்கள். அலைமேல் ஏறி விழும்போது முன் பக்கம்தான் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இந்த விரைவுப் படகைத் தவிர்ப்பதே நல்லது. கரைக்கு வந்ததும் சில இடங்களில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். ஆகவே உருட்டும் சூட்கேஸைவிடத் தோளில் மாட்டும் பை வசதி.

இரண்டு தீவுகள்: கெச்சில் என்பது சின்னது, பெசார் பெரியது. கெச்சிலில் இளைஞர் கூட்டமும் மலிவு விடுதிகளும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு பெசார். கார் கிடையாது, கடற்கரைக்குக் கடற்கரை படகு டாக்சிதான். ஏ.டி.எம். கிடையாது. செலவுக்கான ரொக்கத்தைக் கோத்தா பாருவிலேயே எடுத்துவிடுங்கள்.

இத்தனை பாடுபட்டுப் போவது தண்ணீருக்கு அடியில் இருப்பதற்காக. முகமூடியை மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குப்புற மிதந்தாலே போதும்: கடற்சாமந்தியின் விரல்களுக்கு நடுவே தலையை நீட்டும் கோமாளி மீன், பவளத்தைக் கொறிக்கும் கிளி மீன், அதன் பற்கள் எழுப்பும் கரகர சத்தம் கூடக் காதில் விழும். புல் மேயும் பச்சைக் கடலாமையையும் பார்க்க வாய்ப்பு அதிகம். அது மூச்சு வாங்க மேலே வரும்போது வழிவிட்டு விலகி நில்லுங்கள். தொடுவதும் துரத்துவதும் கூடாது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். பாறை போலத் தெரிந்தாலும் அது உயிர், ஒரு மிதியில் உடைந்துவிடும். நீந்தத் தெரிந்தவர்களும் படகுப் பயணத்தில் உயிர்காப்புச் சட்டையைக் கழற்ற வேண்டாம்.

கோலாலம்பூரில் இரண்டு மூன்று நாளில் எதைப் பார்ப்பது?

பத்துமலையில் தொடங்குங்கள். நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில் வாசல் வரை போகிறது. வெயில் ஏறும் முன், காலை ஏழு எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் 272 படிகளும் சிரமம் தெரியாமல் ஏறிவிடலாம். அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006-இல் திறக்கப்பட்டது. குரங்குகள் பிளாஸ்டிக் பை எதைக் கண்டாலும் பறிக்கும், பழமும் பூவும் துணிப்பைக்குள் இருக்கட்டும். தைப்பூசத்தின் போது போக முடிந்தால் அது வேறு அனுபவம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து நள்ளிரவுக்கு முன் வெள்ளி ரதம் புறப்பட்டு, விடிய விடிய நகரத் தெருக்களில் ஊர்ந்து பத்துமலைக்கு வரும். கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும், அதனால் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டர், 88 மாடிகள். 41-ஆம் மாடியில் இருக்கும் இணைப்புப் பாலத்துக்கும் 86-ஆம் மாடிக்கும் கூட்டிப் போவார்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. மேலே ஏறாவிட்டாலும் குறையில்லை. மாலை விளக்கேற்றும் நேரத்தில் கீழே இருக்கும் பூங்காவில் நீரூற்றுக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பது எனக்கு இன்னும் பிடிக்கும், அதற்குக் காசும் இல்லை.

மெர்டேக்கா சதுக்கம், 1909-இல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசல், சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு, மகாமாரியம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை ஒரே நடையாக முடித்துவிடலாம். சாயங்காலத்தை, நகரின் 'லிட்டில் இந்தியா'வான பிரிக்ஃபீல்ட்ஸுக்கு விட்டுவையுங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கோலாலம்பூரில் கஷ்டமே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இலைச் சாப்பாட்டிலிருந்து இட்லி வரை கிடைக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கும் எந்நேரமும் உண்டு. ஆனால் அங்கே தொட்டுக்கொள்ளத் தரும் பருப்புக் குழம்போடு மீன் குழம்பையும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் உண்டு. "வெறும் பருப்பு மட்டும்" என்று தமிழிலேயே சொல்லுங்கள், பல கடைகளில் புரியும்.

கவனிக்க வேண்டியது மலாய்ச் சமையல். சம்பல் என்ற மிளகாய் விழுதிலும் கீரைப் பொரியலிலும் கூட பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும். கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிந்தாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெர்ஹெந்தியான் போகும்போது அவல், பொடி வகை, முறுக்கு என்று கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

எதில் செலவு எகிறும்?

தீவு அறையிலும் படகுச் சுற்றுலாவிலும். அறை பதிவு செய்யும்போது காட்டும் விலைக்கு மேல் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அதை ஹோட்டலில் நேரில் கேட்பார்கள். விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடம், ஒருவருக்கு 55 ரிங்கிட். தனியாளுக்கு அது நல்லது. நான்கு பேர் குடும்பத்துக்கு கிராப் கார் மலிவு.

லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. சாக்லெட், வாசனைத் திரவியம் வாங்க நல்ல இடம். ஆனால் மலேசிய நிலப்பகுதிக்குத் திரும்பும்போது அந்தச் சலுகை கிடைக்க, தீவில் 48 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும்.

எந்த நாட்களைத் தவிர்ப்பது?

நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிய வாரம். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், அலுவலக வேலை ஏதும் இருந்தால் வியாழனுக்குள் முடித்துவிடுங்கள்.

ஜெல்லி மீன் பயம் உண்டா?

உண்டு, அலட்சியம் வேண்டாம். லங்காவிப் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் தென்படுவதுண்டு. குழந்தைகளுக்கு உடலை மூடும் நீச்சல் உடை போட்டுவிடுங்கள், கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். கொட்டிவிட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறையில் ஒரு சின்ன வினிகர் பாட்டில் வைத்திருப்பது நல்லது.

நம்மூர் பிளக் அங்கே பொருந்துமா?

பொருந்தாது. சதுர முனை மூன்று பின் கொண்ட பிரிட்டிஷ் வகை. இங்கேயே ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. அவர்களுக்கு லங்காவிதான் சரி: விமானத்தில் போய் இறங்கலாம், காரில் சுற்றலாம், படகே ஏறாமல் திரும்பலாம். கேபிள் காரில் உச்சி வரை அவர்கள் வரலாம். நடைபாலத்துக்கு இறங்கும் பாதையில் மட்டும் படிகள் உண்டு. பத்துமலையிலும் படி ஏற முடியாதவர்கள் ஏமாந்து திரும்ப வேண்டியதில்லை. பெரிய முருகன் சிலையும், சில சன்னிதிகளும், ராமாயணக் குகையும் அடிவாரத்திலேயே இருக்கின்றன. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அறையில் படுக்க நேரம் விட்டு, காலையும் மாலையும் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலின் புழுக்கம் சென்னைக்காரர்களையும் களைப்படைய வைத்துவிடும்.